கடலில்லாத இரண்டு நாடுகள்

அத்தியாயம் 9

வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டேகாலுக்கு லோகநாயகி ஊர் எல்லையைத் தாண்டினாள். தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள் என்று பயம்.

இரண்டு கையிலும் இரண்டு பை. ஒன்றில் அவள் துணி, இன்னொன்றில் அவள் புருஷன் கதிர்வேலின் துணி. நாற்பத்தேழு வயதில் வீட்டுக்குத் தெரியாமல் ஓடுகிற பெண் மாதிரி பஸ் ஏறுகிறோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. ஓடினால் என்ன, கட்டின புருஷனோடுதானே ஓடுகிறோம், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

முந்தைய வாரங்களைத் தவறவிட்டவர்கள் விழிக்க வேண்டாம், நாலு வரியில் சொல்லிவிடுகிறேன்.

கடலூருக்குப் பக்கத்தில் நாகம்மாள்குப்பத்தில் விசைப்படகு வைத்திருக்கிறவர் கதிர்வேல். கடலுக்குப் போனால் ஆறு நாள், ஏழு நாள் தங்கல். கரையில் இருக்கிற நாளில் வலை, இஞ்சின், ஐஸ், ஆள்கள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் பத்து நாள் ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை. காற்று தூக்கி அலைச் சத்தம் ஜாஸ்தியானால் லோகநாயகிக்குத் தூக்கம் போய்விடும். விடிய விடிய உட்கார்ந்திருப்பாள்.

"இந்தச் சத்தமே கேக்காத ஊரு ஒண்ணு இருந்தா சொல்லுடி. உங்கப்பாவ இழுத்துக்கிட்டுப் போயி நல்லாத் தூங்கணும்" என்று ஒருநாள் மகளிடம் விளையாட்டாகச் சொன்னாள்.

சிதம்பரத்தில் வங்கி வேலையில் இருக்கும் மகள் சுவேதா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரென்ன ஊர், கடலே தொடாத நாடு இரண்டு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று வரைபடத்தைக் காட்டினாள். பூட்டான், நேபாளம். பூட்டானில் ஏழு நாள், நேபாளத்தில் பதினொன்று, ரயிலில் நான்கு. ஆக இருபத்திரண்டு நாள்.

ஏப்ரல் பதினைந்திலிருந்து அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம். கதிர்வேல் கரையில் இருப்பது அப்போதுதான். அந்த மலைநாடுகளிலும் பனி விலகிக் காடெல்லாம் பூக்கிற காலம் அதுதான். இருபத்தொன்றாம் தேதி திங்கட்கிழமை சென்னையில் ரயில் ஏறுவதென்று இரண்டு மாதம் முன்பே டிக்கெட் எடுத்தார்கள்.

அங்கேதான் கோட்டை விட்டார்கள். தடைக்காலத்தில் கதிர்வேல் கரையில் இருப்பார் என்று கணக்குப் போட்ட தாயும் மகளும், ஊரிலுள்ள அத்தனை ஆண்களும் கரையில் இருப்பார்கள் என்பதை மறந்துபோனார்கள். ஊரே கரையில் இருந்தால் அம்மனுக்கு விழா எடுக்காமல் வேறென்ன செய்வார்கள்? ஒன்பது வருஷமாக நின்றுபோயிருந்த திரௌபதியம்மன் தீமிதியை இந்தச் சித்திரையில் நடத்துவதென்று பஞ்சாயத்தார் முடிவெடுத்து, போன வாரம் தண்டோராவும் போட்டுவிட்டார்கள்.

வெள்ளி சாயங்காலம் ஐந்து மணிக்குக் காப்புக் கட்டு. காப்புக் கட்டிவிட்டால் பதினெட்டாம் நாள் தீமிதி முடிகிற வரைக்கும் ஊரார் யாரும் வெளியூர் போய் ராத்தங்கக் கூடாது. காப்புக்கு முன்பே எல்லை தாண்டிப் போயிருந்தவர்களுக்கு மட்டும் கட்டு இல்லை.

"பாத்தியா, அம்மனே நமக்கு ஒரு சந்து விட்டு வச்சிருக்கா" என்றாள் லோகநாயகி புருஷனிடம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் இரண்டு பேரும் சிதம்பரம் போய்விடுவது, மூன்று நாள் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை ரயிலேறுவது. போன வாரம் போட்ட யோசனை இது.

ஆனால் கதிர்வேலால் உடனே கிளம்ப முடியவில்லை. நீர் ஏற்றம் மூன்று மணிக்கு. அப்போதுதான் படகைக் கரையேற்ற முடியும்.

"நீ முன்னாடி போ நாயகி. படகு மேல ஏறுனதும் நாலு மணி பஸ்ஸப் புடிச்சிடுறேன்."

"நெசமாத்தான மாமா?"

"வாய்ல சொன்னா போதாதா, பத்திரத்துல எழுதித் தரணுமா?"

அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் பஸ் ஏறினாள்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் சுவேதா காத்திருந்தாள். அரைநாள் லீவு போட்டிருந்தாள். அம்மாவின் கையிலிருந்த பைகளை வாங்கிக்கொண்டே, "அப்பா நாலு மணி பஸ்ஸுல வந்துடும்ல?" என்று கேட்டாள்.

"வராம எங்க போவாரு?"

வீட்டுக்குப் போகிற வழியில் மேல வீதி ஜவுளிக்கடைக்குள் நுழைந்தார்கள். சித்திரை வெயில் தார்ரோட்டைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. லோகநாயகி ஸ்வெட்டர் கேட்டதும் கடைக்காரர் காது கேட்காதவர் மாதிரி பார்த்தார்.

"ஸ்வெட்டரா? தை பொறந்ததும் கட்டி மேல போட்டுட்டமேம்மா. கைக்கொழந்தைக்கா?"

"என் வூட்டுக்காரருக்கு."

"ஊட்டியா, கொடைக்கானலா?"

"பூட்டான். அப்புறம் நேபாளம்" என்றாள் லோகநாயகி. அந்த இரண்டு பெயரையும் வெளி ஆளிடம் அவள் சொல்வது அதுதான் முதல் தடவை.

கடைக்காரர் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு பையனைப் பரணுக்கு அனுப்பினார். தூசி தட்டி எடுத்துப் போட்டதில் நீலம் ஒன்று நன்றாயிருந்தது. சுவேதா அதை விரித்துக் காட்டினாள்.

"நீலம் வேணாம்டி. வருஷம் பூரா அதத்தான பாத்துக்கிட்டிருக்காரு."

செங்கல் நிறத்தில் ஒன்றை எடுத்தாள். கடைக்காரர் அளவு கேட்டார். லோகநாயகிக்கு நம்பர் தெரியாது. ஸ்வெட்டரின் தோளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துப் பார்த்து, "சரியா இருக்கும்" என்றாள். சுவேதா வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

ஸ்டுடியோவில் லோகநாயகிக்கு மட்டும் போட்டோ எடுத்தார்கள். பூட்டான் எல்லையில் பெர்மிட் வாங்க வேண்டும். "இன்னொரு ஆளு ராத்திரிக்குள்ள வந்துடுவாரு, கடைய சாத்திடாதீங்க தம்பி" என்று அவள் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சுவேதா நோட்டைத் திறந்தாள். அவளுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். நாளுக்கு ஒரு பக்கம். எந்த ஊர், எந்த வண்டி, எந்த விடுதி, யாருடைய போன் நம்பர், எங்கே தயிர் கிடைக்கும் என்பது வரை எழுதி வைத்திருந்தாள். பூட்டானில் ஒரு பள்ளத்தாக்கு, சித்திரையில் மலைச்சரிவே சிவந்துபோகிற அளவுக்குப் பூக்குமாம். நேபாளத்தில் முக்திநாத் பெருமாள். அங்கே குளிர் ஜாஸ்தி, மூச்சு வாங்கும் என்று சிவப்பு மையில் அடிக்கோடு. இதையே டைப் அடித்து இரண்டு வாரம் முன்பே அப்பாவிடமும் கொடுத்திருந்தாள். அவர் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டாரே தவிர, நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை.

"அம்மா, பதினாலாம் நாளு, பதினஞ்சாம் நாளு ரெண்டும் இன்னும் சும்மான்னே கெடக்கு. நேபாளத்துல போக்கரால பெரிய ஏரி. படகு சவாரி போடவா?"

"நாசமாப் போச்சு! அவ்ளோ தூரம் போயும் படகா?"

"அப்ப என்னாதான் எழுதறது?"

"அன்னிக்கே சொன்னன்ல, சும்மான்னு எழுதுன்னு. அதயே வச்சிக்க."

"சும்மா இருந்து என்னா பண்ணுவீங்க ரெண்டு பேரும்?"

லோகநாயகி யோசித்தாள். "காலைல டீ வாங்கிக்கிட்டு வருவேன். உங்கப்பா குடிப்பாரு. குடிச்சிட்டுச் சட்டைய மாட்டிக்கிட்டு எங்கயும் கெளம்ப மாட்டாரு. மத்தியானம் வரைக்கும் அங்கயேதான் இருப்பாரு."

சுவேதா பேனாவை மூடினாள். அம்மாவுக்கு எவ்வளவு ஆசை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. மற்றப் பெண்கள் நகை கேட்பார்கள், புடவை கேட்பார்கள். இவள் இரண்டு நாள் புருஷனைக் கேட்டாள்.

மணி நாலரை. கதிர்வேலுக்குப் போன் போட்டார்கள். மணி அடித்தது, எடுக்கவில்லை.

"பஸ்ஸுல சத்தத்துல கேட்டிருக்காது" என்றாள் லோகநாயகி.

ஐந்து மணிக்கும் எடுக்கவில்லை. அவள் எழுந்து போய் ஸ்வெட்டரை அவர் பைக்குள் வைத்தாள். பிறகு எடுத்து மடித்து, மறுபடியும் வைத்தாள்.

ஐந்தேகாலுக்கு அவள் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள். கதிர்வேல் இல்லை, ஓரகத்தி சந்திரலேகா. கதிர்வேலின் அண்ணன் மனைவி. பின்னால் பம்பைச் சத்தம் காதைக் கிழித்தது.

"லோகு! எங்கடி இருக்க? வூட்டுக்காரரு கரகம் தூக்கப் போறாரு, நீ எந்த ஊர்லயோ போயி உக்காந்துக்கிட்டிருக்க!"

"யாருக்கா? யாரு கரகம் தூக்கறது?"

"உன் வூட்டுக்காரருதான்டி. எங்க வூட்டு மனுஷருக்கு முட்டி போனதால, எங்க செல்வந்தான் தூக்கறதா இருந்துச்சு. பத்து நாளா வெரதம் புள்ள. மஞ்ச வேட்டியெல்லாம் எடுத்தாச்சு. பூசாரி காப்புக் கயித்தக் கையில எடுக்கறாரு, உன் வூட்டுக்காரரு கூட்டத்துலேருந்து பூந்து வந்து, 'அண்ணனுக்கு அப்புறம் நான்தான மொறை'ன்னு கையை நீட்டிட்டாரு. ஒரு வாரமா நானும் வெரதம்தான்னு வேற சொன்னாரு. என் புள்ள மொகம் செத்துப்போச்சு."

லோகநாயகி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கட்டுன கையோட செருப்புக்கூட இல்லாம எங்கயோ கெளம்பிட்டாரு. ஆமா, நீங்க எங்கயோ மலைக்குப் போறதாச் சொன்னியே, அது என்னாச்சு?"

அவள் போனை வைத்தாள். ஒரு வாரமாகக் கதிர்வேல் வீட்டில் மீன் தொடவில்லை. தயிர்சாதம் போதும் என்றார். மலைநாட்டுச் சாப்பாட்டுக்கு மனுஷன் இப்போதே நாக்கைப் பழக்குகிறார் என்று அவள் உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தாள். அது விரதம் என்பது இப்போதுதான் புரிந்தது.

"என்னாம்மா?" என்றாள் சுவேதா.

"உங்கப்பா காப்புக் கட்டிக்கிட்டாரு."

ஆறரைக்குக் கதிர்வேலே போன் செய்தார். பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாராம். வீட்டுக்கு வர நேரமில்லையாம். ஏழு பத்து பஸ்ஸில் திரும்ப வேண்டுமாம். தாயும் மகளும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

கடலூர் பஸ் நிற்கிற இடத்தில் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் வேட்டி, வெறும் கால், நெற்றி நிறையக் குங்குமம். வலது மணிக்கட்டில் மஞ்சள் வைத்துக் கட்டிய கயிறு இன்னும் ஈரமாக இருந்தது. அவரைச் சுற்றி நின்றவர்கள் மரியாதையாக நாலடி தள்ளி நின்றார்கள். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"கட்டிட்டாங்க நாயகி. ஊரு சொன்னா தட்ட முடியுமா?"

"ஊரு சொல்லிச்சா, நீ கைய நீட்டுனியா?"

அவர் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார்.

"லேகா அக்கா எல்லாத்தையும் சொல்லிடுச்சு. இன்னும் பொய் சொல்லாத மாமா. போன்லயே சொல்லிட்டுப் போறதுக்கு என்னா? எதுக்கு இவ்ளோ தூரம் வந்த?"

"போன்ல சொல்ல மனசு வரல."

"ஒரு வாரமா வெரதம் இருக்க மட்டும் மனசு வந்துச்சா?"

சுவேதா கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். கதிர்வேல் மறுபடி உட்கார்ந்தார். புயலில் இரண்டு தடவை படகை மீட்டுக் கொண்டுவந்த மனுஷன்.

"பயமா இருந்துச்சு" என்றார்.

"மலைக்கா? மூச்சு வாங்கும்னு இவ எழுதியிருந்தாளே, அதுக்கா?"

"மலைக்கு இல்ல. உனக்கு."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"இருபத்தாறு வருஷத்துல ஒரு நாள் பூரா உன் எதிர்ல உக்காந்து நான் பேசுனதுண்டா? கடல்ல இருந்தா கடலு. கரைல இருந்தா இஞ்சினு. இவ ஒரு பேப்பரு குடுத்தா. அதுல ரெண்டு நாளு சும்மான்னு போட்டிருந்துச்சு. அந்த ரெண்டு நாளையும் பாத்துப் பாத்து எனக்குத் தூக்கமே போச்சு. உன்கூட என்னா பேசுவேன்? கடல எடுத்துட்டா என்கிட்ட என்னா இருக்கு நாயகி? அங்க போயி மூணாம் நாளே, 'இவனுக்காகவா இத்தினி வருஷம் முழிச்சிக்கிட்டுக் கெடந்தோம்'னு நீ நெனச்சிட்டியின்னா?"

லோகநாயகிக்குக் கோபம்தான் வந்தது முதலில். அப்புறம் அழுகை. அழுகையோடு சேர்ந்து சிரிப்பும் வந்து தொலைத்தது.

"யோவ், பேசறதுக்கு எனக்கு ஊர்ல ஆளா இல்ல? மீன் ஏலக் கூடத்துல விடிகாலைலேருந்து பேசிக்கிட்டுத்தான இருக்கேன்? நீ பேசணும்னு யாரு கேட்டா? முழிப்பு வந்து கையப் போட்டா பக்கத்துல நீ இருக்கணும். அவ்ளோதான் நான் கேட்டது. அதுக்குக்கூடப் பயமா உனக்கு?"

சுற்றி நின்றவர்கள் கேட்கிறார்களே என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

கதிர்வேல் மணிக்கட்டுக் கயிற்றைப் பிடித்தார். "அவுத்துடவா?"

"சும்மா கெட!" அவர் கையைத் தட்டிவிட்டாள். "கட்டுன காப்ப அவுக்கறதா? அம்மனோட வெளையாடாத. புள்ளகுட்டிக்காரங்க நாம."

"அப்ப நீ என்கூட வந்துடு. ஏழு பத்துக்கு வண்டி. நாளைக்குக் கரகம் எறங்கறப்ப காலுக்கு மஞ்சத்தண்ணி ஊத்த நீ இருக்கணும்ல? இன்னிக்கு மூணு மணிக்கே படகு ஏறிடுச்சு. பதினெட்டு நாளும் வூட்லயேதான் இருப்பேன். நீ கேட்ட மாதிரியே இருக்கேன்."

சொல்லிவிட்டு அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தார். வா என்று அவர் அவளை வாய்விட்டுக் கூப்பிட்டதே கிடையாது. கூப்பிட்டதும் அவள் கால் ஒரு அடி பஸ் பக்கம் நகர்ந்துவிட்டது. பொய் சொல்வானேன், போய்விடத்தான் தோன்றியது. பதினெட்டு நாள். பக்கத்தில் புருஷன். ஆனால் அதே வீடு, அதே அலைச் சத்தம். வாசலில் விடிந்தால் பத்துப் பேர் வந்து நிற்பார்கள், அண்ணே, மாமா, மச்சான் என்று. கரகம் தூக்குகிறவர் ஊருக்குச் சொந்தம். அவளுக்கு மிஞ்சுவது மஞ்சத்தண்ணிச் சொம்புதான். இன்றைக்கு எல்லைக்குள் போய்விட்டால் அவளுக்கும் கட்டு. அடுத்த தடைக்காலத்துக்கு இன்னொரு காரணம் முளைக்கும், அதற்கடுத்த வருஷம் இன்னொன்று.

"மாமா, நான் காப்புக்கு முன்னாடியே எல்லை தாண்டுனவ. எனக்குக் கட்டு இல்ல" என்றாள் மெதுவாக. "நான் போயிட்டு வரேன்."

"தனியாவா? பாஷை தெரியாத ஊருக்கா?"

"கேரளாக்காரன்கிட்டயும் ஆந்திராக்காரன்கிட்டயும் கையாலயே பேசி மீனு வித்தவ நானு. டீ கேக்கத் தெரியாதா?"

கண்டக்டர் விசில் கொடுத்தார். கதிர்வேல் எழுந்தார். அவர் வெறுங்காலைப் பார்த்து ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த ஆள் எழுந்து இடம் விட்டார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்த கதிர்வேல், மனைவியிடம் பேச முடியாமல் மகளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"சுவேதா, காப்பு அவுக்கற அன்னிக்கு உங்கம்மா எந்த ஊர்ல இருக்கும்?"

சுவேதா நோட்டைப் பிரித்து விரல் விட்டு எண்ணினாள். பதினைந்தாம் நாள், போக்கராவில் சும்மா இருக்கிற நாள் என்று கண்டுபிடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே போனார். லோகநாயகி கையை ஆட்டவில்லை. ஆட்டினால் பின்னாலேயே ஓடிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

பஸ் தெரு திரும்பி மறைந்த பிறகும் இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். சுவேதாதான் முதலில் பேசினாள்.

"எனக்கு இருபத்திரண்டு நாள் லீவு தர மாட்டாங்கம்மா. உன்னத் தனியா அனுப்பவும் பயமா இருக்கு."

"பயம்லாம் உங்கப்பாவோட போகட்டும். நீ பொலம்பாத."

"சரி, அப்பாவோட டிக்கெட்ட இன்னிக்கே கேன்சல் பண்ணிடவா? இப்ப பண்ணா பாதியாவது வரும்."

"வேணாம்."

"காலி சீட்டுக்கு எதுக்கும்மா டிக்கெட்டு? எவனாவது வந்து உக்காந்துக்குவான்."

லோகநாயகி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"உக்கார வந்தா, ஆளு வருதுன்னு சொல்லிக்கிறேன்" என்றாள்.